காது கிழியும் சத்தம்... கண் கலங்கும் கதை: 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' ஏன் இன்னும் ஓயவில்லை?

சிவந்த வானம். சுற்றிலும் மின்னல். ஒரு டிரெய்லர் வீட்டின் கூரை மேல் ஏறி நிற்கிறான், நீளமாக முடி வளர்த்த எடி மன்சன். நண்பர்களைக் காப்பாற்ற வேண்டுமென்றால், கொலைவெறி பிடித்த வௌவால் கூட்டத்தைத் தன் பக்கம் இழுக்க வேண்டும். அதற்கு அவன் கையில் எடுத்தது துப்பாக்கி அல்ல, எலெக்ட்ரிக் கிட்டார்.

2022 ஜூலை 1-ம் தேதி நெட்ஃப்ளிக்ஸில் வெளியான 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' நான்காவது சீசனின் கடைசி எபிசோடு அது. எடி வாசித்த பாட்டு, 'மெட்டாலிகா' குழுவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்'. அந்தக் காட்சியைப் பார்த்த 15 வயதுப் பிள்ளைகள் எல்லாம் போனில் அந்தப் பாட்டைத் தேட ஆரம்பித்தார்கள். வெளியாகி 36 ஆண்டுகள் கழித்து, முதன்முறையாக அமெரிக்காவின் 'பில்போர்டு ஹாட் 100' பட்டியலுக்குள் நுழைந்தது பாட்டு!

கதையில் அந்தக் காட்சி நடப்பது 1986 மார்ச் மாதம். நிஜத்தில் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' ஆல்பம் வெளியானதும் 1986 மார்ச் 3-ம் தேதிதான். அதாவது, எடி வாசித்தது அன்றைக்குச் சுடச்சுட வந்திருந்த புதுப்பாட்டு.

"இது பாட்டா? தகர டப்பாவை உருட்டுற மாதிரி இருக்கு!" - ஹெட்போனுக்கு வெளியே கசியும் சத்தத்தைக் கேட்டு இப்படிச் சொல்லாத அம்மா, அப்பா குறைவு. அவர்கள் சொல்வதிலும் தப்பில்லை. முதல் தடவை கேட்கும்போது எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும். ஆனால், அந்தச் சத்தத்துக்குள் என்ன சொல்லியிருக்கிறார்கள், அதைச் சொன்னவர்களுக்கு அப்புறம் என்ன நடந்தது என்று தெரிந்தால், இந்த ஆல்பத்தை ரசிகர்கள் ஏன் இத்தனை ஆண்டுகளாக நெஞ்சில் வைத்திருக்கிறார்கள் என்பது புரியும்.

பேப்பர் விளம்பரத்தில் பிறந்த குழு!

லார்ஸ் உல்ரிக், டென்மார்க்கில் பிறந்தவர். அப்பா டோர்பென் உல்ரிக், டேவிஸ் கோப்பையில் ஆடிய டென்னிஸ் வீரர். மகனும் டென்னிஸ் வீரராவான் என்ற கனவோடு குடும்பம் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தது. மகனுக்கோ ராக்கெட்டைவிட டிரம்ஸ் குச்சிதான் பிடித்திருந்தது. 1981-ல் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு விளம்பரப் பத்திரிகையில், 'சேர்ந்து வாசிக்க ஆள் தேவை' என்று விளம்பரம் கொடுத்தார். அதைப் பார்த்து வந்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டு. பாட்டும் அவர்தான், ரிதம் கிட்டாரும் அவர்தான்.

ஹெட்ஃபீல்டின் குடும்பத்துக்கு வேறொரு பின்னணி உண்டு. நோய்க்கு மருந்து கூடாது, பிரார்த்தனை மட்டுமே போதும் என்று நம்பிய மதப்பிரிவைச் சேர்ந்தவர்கள் அவருடைய பெற்றோர். புற்றுநோயால் அம்மா இறந்தபோது ஹெட்ஃபீல்டுக்கு வயது 16. அந்தக் கோபமும் தனிமையும் பின்னாளில் அவருடைய பாட்டுகளில் வந்துகொண்டே இருந்தன.

ஒருநாள் இருவரும் லாஸ் ஏஞ்சலிஸில் 'டிராமா' என்ற குழுவின் நிகழ்ச்சியைப் பார்க்கப் போனார்கள். மேடையில் யாரோ லீட் கிட்டாரில் அசத்துகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள், வாசிப்பது பேஸ் கிட்டார் என்று தெரிந்ததும் வாயடைத்துப் போனார்கள். பேஸ் கிட்டார் என்றால், பொதுவாகப் பின்னால் நின்று தாளத்துக்கு முட்டுக்கொடுக்கும் கருவி. அதைத் தனி ஆவர்த்தனம் போல வாசித்தவர் கிளிஃப் பர்ட்டன்.

'எங்க குழுவுக்கு வாங்க' என்று அழைத்தார்கள். கிளிஃப் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: 'நான் லாஸ் ஏஞ்சலிஸுக்கு வர மாட்டேன். நீங்க சான் பிரான்சிஸ்கோ பக்கம் வாங்க.' ஒரே ஒரு ஆளுக்காக மொத்தக் குழுவும் மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு ஊர் மாறியது! பிறகு லீட் கிட்டாருக்கு கிர்க் ஹாமெட் வந்து சேர, நால்வர் அணி முழுமையானது.

'த்ராஷ்' என்றால் என்ன?

இங்கிலாந்தின் ஹெவி மெட்டல் இசையில் இருந்த கனத்தையும், பங்க் இசையில் இருந்த வேகத்தையும் ஒன்றாகப் போட்டு அரைத்தால் கிடைப்பதுதான் 'த்ராஷ் மெட்டல்'. 80-களின் தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் அது வேகமாக வளர்ந்தது. மெட்டாலிகா, ஸ்லேயர், மெகாடெத், ஆந்த்ராக்ஸ் - இந்த நான்கு குழுக்களையும் 'பெரிய நால்வர்' என்று ரசிகர்கள் இன்றும் அழைக்கிறார்கள்.

வேகம் மட்டும்தான் த்ராஷ் என்றால், ஆறு மாதத்தில் அலுத்துப்போயிருக்கும். 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' செய்த வித்தை வேறு. முதல் பாட்டான 'பேட்டரி' எப்படித் தொடங்குகிறது தெரியுமா? மின்சாரமே இல்லாத அக்கூஸ்டிக் கிட்டாரில், ஏதோ ஸ்பானிஷ் ஊர் ஒன்றின் மாலை நேரம் போல, மெதுவாக. கேட்பவர் சாய்ந்து உட்கார்ந்த அடுத்த நொடி, கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வருகிறது புயல்.

தலைப்புப் பாட்டு எட்டரை நிமிடம். கிட்டார் வாசிப்பவர்கள் வேகம் வேண்டுமென்றால் கையை மேலும் கீழுமாக மாற்றி மாற்றி அசைப்பார்கள். அதுதான் சுலபம். ஹெட்ஃபீல்டு அப்படிச் செய்வதில்லை. ஒவ்வொரு அடியும் மேலிருந்து கீழ்தான். அம்மியில் ஓங்கி ஓங்கி இடிப்பது போல, அந்த வேகத்தில், அத்தனை நிமிடத்துக்கும்! கிட்டார் கற்றுக்கொள்ளும் இளைஞர்கள் இந்தப் பாட்டை முழுதாக வாசித்து முடித்தால், மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

அதே பாட்டில் ஓரிடத்தில் தாளம் சற்றே குறைந்து, படியில் கால் தடுக்கியது போலத் தோன்றும். தவறு அல்ல, வேண்டுமென்றே வைத்தது. கேட்பவரின் காலடியில் இருக்கும் தரையை ஒரு நொடி இழுத்துவிடுகிறார்கள். நடுவில் புயல் ஓய்ந்து, இரண்டு கிட்டார்கள் சேர்ந்து மெல்லிய மெட்டு ஒன்றை வாசிக்கும். மறுபடி புயல். கடைசியில் ஒரு கோரச் சிரிப்போடு பாட்டு முடியும். யார் சிரிக்கிறார்கள்? அங்கேதான் இருக்கிறது ஆல்பத்தின் உயிர்.

கயிற்றைப் பிடித்திருப்பது யார்?

'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' என்றால், பொம்மைகளை ஆட்டுவிக்கும் எஜமானன். இந்தப் பாட்டில் அந்த எஜமானன் மனிதன் அல்ல, போதை மருந்து. 'நீ என்னைப் பயன்படுத்துவதாக நினைக்கிறாய், உண்மையில் நான்தான் உன்னை ஆட்டிவைக்கிறேன்' என்று போதையே, அடிமையானவனிடம் பேசுவது போல எழுதப்பட்டிருக்கிறது பாட்டு. கடைசிச் சிரிப்பும் அதனுடையதுதான்.

இதே கேள்வி மற்ற பாட்டுகளிலும் வருகிறது. 'டிஸ்போசபிள் ஹீரோஸ்', உத்தரவுக்குக் கட்டுப்பட்டுப் போர்முனைக்குப் போய்ச் செத்து விழும் இளம் சிப்பாயின் கதை. 'லெப்பர் மெசையா', டி.வி-யில் தோன்றி பக்தர்களின் பணத்தைக் கறக்கும் போலிப் போதகர்களைப் பற்றியது. 'வெல்கம் ஹோம்', மனநல மருத்துவமனைக்குள் அடைக்கப்பட்டவனின் குரல். 'ஒன் ஃப்ளூ ஓவர் தி குக்கூஸ் நெஸ்ட்' கதையின் பாதிப்பில் உருவான பாட்டு அது.

போதை, போர், போலி பக்தி, பூட்டிய அறை... எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் கயிற்றைப் பிடித்திருக்கிறார்; யாரோ ஒருவர் ஆடிக்கொண்டிருக்கிறார். ஆல்பத்தின் அட்டைப்படமும் இதையே சொல்கிறது. வரிசை வரிசையாக வெள்ளைச் சிலுவைகள் நிற்கும் கல்லறைத் தோட்டம். ஒவ்வொரு சிலுவையிலிருந்தும் மேலே போகிறது ஒரு கயிறு. சிவந்த வானத்திலிருந்து இரண்டு கைகள் அந்தக் கயிறுகளைப் பிடித்திருக்கின்றன.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1985 செப்டம்பரில், டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் உள்ள 'ஸ்வீட் சைலன்ஸ்' ஸ்டூடியோவில், தயாரிப்பாளர் ஃபிளெமிங் ராஸ்முஸனோடு இந்த ஆல்பத்தின் பதிவு தொடங்கியது. அதே மாதம் அமெரிக்க செனட் சபையில் ஒரு விசாரணை நடந்துகொண்டிருந்தது. 'ராக் பாட்டுகள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன, கேசட்டுகளில் எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும்' என்று பெற்றோர் அமைப்பு ஒன்று போராடியதன் விளைவு அது. அங்கே பெரியவர்கள் பிள்ளைகளுக்காகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில், இங்கே 24 வயதுகூட ஆகாத நான்கு பேர், 'போதை உன்னைத் தின்றுவிடும்' என்று பாட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். சொல்ல வந்தது ஏறக்குறைய ஒன்றுதான், குரல்தான் வேறு!

ஆல்பம் வெளிவந்தபோது இந்தக் குழுவுக்கு மியூசிக் வீடியோ கிடையாது. ரேடியோக்களும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஆனாலும், ஓஸி ஆஸ்போர்னின் நிகழ்ச்சிகளில் முதலில் ஏறி வாசிக்கும் குழுவாக ஊர் ஊராகச் சுற்றியே ஆல்பத்தை மக்களிடம் சேர்த்தார்கள். அமெரிக்க ஆல்பம் பட்டியலில் 29-வது இடம் கிடைத்தது. அந்த வருடம் முடிவதற்குள் 5 லட்சம் பிரதிகளுக்கான 'கோல்டு' அங்கீகாரமும் வந்தது. ஆனால், அதைக் கொண்டாட நால்வரில் ஒருவர் இல்லை.

ஒரு சீட்டு... ஒரு படுக்கை...

கிளிஃப் பர்ட்டன் மற்ற மூவரைப் போல இல்லை. இறுக்கமான ஜீன்ஸ் காலத்தில் பெல்பாட்டம் போட்டுக்கொண்டு மேடையேறியவர். ஹெவி மெட்டல் ரசிகர்தான், ஆனால் பாக் போன்ற செவ்வியல் இசை மேதைகளையும் ஆழ்ந்து கேட்பார். இரண்டு கிட்டார்கள் வெவ்வேறு ஸ்வரங்களில் ஒன்றோடொன்று இணைந்து போவது எப்படி என்பதை மற்றவர்கள் அவரிடமிருந்துதான் கற்றுக்கொண்டார்கள். 1975-ல் அண்ணன் ஸ்காட் 16 வயதில் இறந்துபோனார். அண்ணனுக்காகவே சிறந்த பேஸ் கலைஞனாக வேண்டும் என்று உறுதி எடுத்த தம்பி, தினமும் மணிக்கணக்கில் பயிற்சி செய்தார்.

அந்த உழைப்பு முழுதும் தெரியும் இடம், ஆல்பத்தின் ஏழாவது பாட்டான 'ஓரியன்'. எட்டரை நிமிடத்துக்கு ஒரு வார்த்தை கிடையாது, வெறும் இசைதான். நடுவில் எல்லாக் கருவிகளும் அடங்கிப்போக, கிளிஃபின் பேஸ் மட்டும் மெதுவாக நடந்து வரும். நள்ளிரவில் ஆளில்லாத சாலையில் தனியாக நடப்பது போன்ற இசை. மெட்டல் என்றாலே ஓடிப்போகிறவர்கள்கூட இந்த இடத்தில் நின்றுவிடுவார்கள்.

1986 செப்டம்பர் 26. ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் நிகழ்ச்சி முடிந்து, இரவோடு இரவாக பஸ்ஸில் கிளம்பினார்கள். அடுத்த ஊர், இந்த ஆல்பம் பிறந்த கோபன்ஹேகன். பஸ்ஸில் எந்தப் படுக்கை யாருக்கு என்று கிர்க்குக்கும் கிளிஃபுக்கும் பேச்சு வந்தது. சீட்டு எடுத்துப் பார்த்தார்கள். கிளிஃப் எடுத்தது ஸ்பேட் ஏஸ். தான் கேட்ட படுக்கை கிடைத்தது. கிர்க் இடம் மாறிப் படுத்தார்.

27-ம் தேதி அதிகாலை. டோராப் என்ற சின்ன ஊருக்கு அருகே பஸ் சறுக்கிக் கவிழ்ந்தது. ஜன்னல் வழியே தூக்கி வீசப்பட்ட கிளிஃப் மேல் பஸ் விழுந்தது. மற்றவர்கள் தப்பிவிட்டார்கள். சாலையில் பனிக்கட்டி படிந்திருந்ததால் சறுக்கியது என்று டிரைவர் சொல்ல, ஹெட்ஃபீல்டு அந்தக் குளிரில் சாலையில் நடந்து நடந்து பனிக்கட்டியைத் தேடினார். அவர் கண்ணுக்கு எதுவும் தென்படவில்லை. கிளிஃபுக்கு அப்போது வயது 24. இறுதிச் சடங்கில் ஒலித்தது, அவருடைய 'ஓரியன்'.

குழு கலையவில்லை. ஜேசன் நியூஸ்டெட் என்ற புதிய பேஸ் கலைஞரோடு தொடர்ந்தது, உலகப் புகழையும் தொட்டது. ஆனால் 'ஓரியன்' பாட்டை முழுதாக மேடையில் வாசிக்க அவர்களுக்கு 20 ஆண்டுகள் பிடித்தன. 2006 ஜூனில் ஜெர்மனியின் 'ராக் ஆம் ரிங்' இசை விழாவில், ஆல்பத்தின் 20-ம் ஆண்டை ஒட்டி எட்டுப் பாட்டுகளையும் வாசித்தபோதுதான் அது நடந்தது. அதே வருடம், விபத்து நடந்த இடத்துக்குப் பக்கத்தில் கிளிஃபுக்கு நினைவுக்கல் எழுப்பப்பட்டது. உலகின் பல மூலைகளிலிருந்தும் ரசிகர்கள் இன்றும் அங்கே போய்ப் பூ வைத்துவிட்டு வருகிறார்கள்.

பாட்டு எழுதியவரே பொம்மையானபோது...

போதையின் கயிற்றைப் பற்றி 22 வயதில் பாடிய ஹெட்ஃபீல்டு, தானே ஒரு கயிற்றில் மாட்டிக்கொண்டிருந்தார். அது மது. குடி அந்தக் குழுவோடு அந்த அளவு ஒட்டிக்கொண்டிருந்ததால், 'ஆல்கஹாலிகா' என்றே கேலிப்பெயர் உண்டு. கிளிஃபின் மரணத்துக்குப் பிறகு துக்கத்தை உட்கார்ந்து பேசவும் தெரியாமல், அழவும் தெரியாமல் வருடங்களை ஓட்டினார்கள் அந்த இளைஞர்கள்.

2001-ல், ஆல்பம் ஒன்றின் வேலை பாதியில் நிற்க, ஹெட்ஃபீல்டு மறுவாழ்வு மையத்தில் சேர்ந்தார். குழு கிட்டத்தட்ட உடையும் நிலை. அந்த நாட்களைக் கேமரா முன் மறைக்காமல் காட்டியது 2004-ல் வந்த 'சம் கைண்ட் ஆஃப் மான்ஸ்டர்' ஆவணப்படம். கூட்டத்தின் முன் கர்ஜிக்கும் மனிதர், வீட்டுக்கு நேரத்தோடு போக வேண்டும், பிள்ளைகளோடு இருக்க வேண்டும் என்று தயங்கித் தயங்கிப் பேசுவதைப் பார்த்து, ரசிகர்கள் பலர் கலங்கிப்போனார்கள்.

2019-ல் அவர் மீண்டும் சிகிச்சைக்குப் போனார். ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து நிகழ்ச்சிகள் தள்ளிவைக்கப்பட்டன. 'மறுபடியும் விழுந்துட்டாரே' என்று வருந்தியவர்களைவிட, 'மறுபடியும் உதவி கேட்டாரே' என்று ஆறுதல் அடைந்தவர்கள் அதிகம். இன்றைக்கு அவர் அதே பாட்டைப் பாடும்போது கேட்பது, 22 வயதுப் பையனின் எச்சரிக்கை அல்ல. கயிறு கழுத்து வரை வந்து, அறுத்துக்கொண்டு வெளியே வந்தவரின் சாட்சியம்.

புதிதாகக் கேட்கப் போகிறீர்களா?

'ஒரு தடவை கேட்டுத்தான் பார்ப்போமே' என்று தோன்றினால், முதல் பாட்டிலிருந்து தொடங்காதீர்கள். முதலில் 'ஓரியன்'. வார்த்தையே இல்லாததால், எந்த மொழிக்காரருக்கும் தடையில்லை. அடுத்தது 'வெல்கம் ஹோம்'. மெதுவாகத் தொடங்கி, அடைபட்டவனின் கோபம் போலவே கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். பிறகு தலைப்புப் பாட்டு. அப்போது காது பழகியிருக்கும். சத்தத்துக்குள் இருக்கும் ஒழுங்கு தெரிய ஆரம்பிக்கும். வீட்டில் இந்த இசையைக் கேட்கும் பிள்ளை இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து, 'இந்தப் பாட்டு எதைப் பத்தி?' என்று கேட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரப் பேச்சுக்கு உத்தரவாதம்.

2003-லேயே இந்த ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் 60 லட்சம் பிரதிகளுக்கான அங்கீகாரத்தைப் பெற்றுவிட்டது. 2016 மார்ச்சில், அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், நாட்டுக்காகப் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் இதைச் சேர்த்தது. அந்தப் பட்டியலில் இடம்பிடித்த முதல் மெட்டல் ஆல்பம் இதுதான். ஒருகாலத்தில் எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டச் சொன்ன அதே வகை இசை, இப்போது தேசியச் சொத்து!

ஆனால், ரசிகர்கள் பெருமையோடு சொல்வது இந்தக் கணக்குகளை அல்ல. கிளிஃபின் அப்பா ரே பர்ட்டன், மகன் போன பிறகும் மெட்டாலிகா நிகழ்ச்சிகளுக்குத் தொடர்ந்து வந்துகொண்டிருந்தார். மகன் வயதுப் பையன்களோடு நின்று சிரித்துப் பேசுவார், படம் எடுத்துக்கொள்வார். மகனின் பாட்டுகளுக்காக வந்த ராயல்டி பணத்தை அவர் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. கிளிஃப் படித்த காஸ்ட்ரோ வேலி உயர்நிலைப் பள்ளியில், இசை படிக்க விரும்பும் மாணவர்களுக்கு உதவித்தொகையாகக் கொடுத்துவந்தார். 2020 ஜனவரியில், 94 வயதில் அவரும் விடைபெற்றார்.

இரண்டு மகன்களை இளம் வயதில் பறிகொடுத்த ஒரு தகப்பன், யாரோ பெற்ற பிள்ளைகளின் கையில் வாத்தியத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அடுத்த முறை பக்கத்து அறையிலிருந்து அந்தச் சத்தம் கேட்டால், கதவைச் சாத்தச் சொல்வதற்கு முன் ஒரு நிமிடம் நின்று கேளுங்கள்... நடுவில் எங்காவது, ஒற்றை பேஸ் கிட்டார் மெதுவாக நடந்து வரும்.